குளிர்நாட்டில் ஒரு குளிரூட்டி

மலைநாட்டிலே வாழ்பவனுக்குக் குளிரூட்டி எதற்கு என்று, தலைப்பைக் கண்டதும் வாசகர் வினவக்கூடும். வினா நியாயமானதே. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலே அமைந்தது நுவரெலியா. ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பநிலை சராசரியாக ஆறு பாகைக்குச் சற்று மேலாகக் குறையும் என்பது புவியியல் மாணவர் அறிந்த கணக்கு. கொழும்பிலே விசிறியின்றி உறங்க இயலாத அதே இரவில், இங்கே கம்பளியின்றி உறங்க இயலாது. தைமாதத்துக் காலையில் தலையிலே கம்பளியும் இடையிலே படங்குமாகக் கொழுந்து மலைக்கு ஏறும் தாய்மாரிடம், காற்றைக் குளிரச் செய்வதற்குப் பணம் கொடுத்து ஒரு யந்திரம் வாங்குவார் உளர் என்று சொன்னால் அவர்கள் நகைப்பார்கள்.

நானும் அவ்வாறே நகைத்தவன்தான். ஆயினும் சென்ற ஆண்டு, அந்த யந்திரம் செவ்வனே இயங்காத காரணத்தால், பன்னிரண்டு மாணவரோடு ஒரு பள்ளத்தின் விளிம்புவரை சென்று மீண்டேன். அன்றுதொட்டு அதனைக் குறித்து நகைப்பதை விட்டுவிட்டேன். நான் அறிந்துகொண்டதை வாகனம் வைத்திருப்போரும், வாடகை வாகனத்தில் செல்வோரும், பௌதிகவியல் பயிலும் மாணவரும் அறிந்திருத்தல் நன்றென எண்ணி இதனை எழுதுகின்றேன்.

எமது கல்லூரி மாணவரைக் கொழும்பிலுள்ள தேசிய நூதனசாலைக்கும் கோள் மண்டலத்துக்கும் அழைத்துச் சென்றிருந்தோம். வாகனம் ஒரு வாடகை வேன். அதன் சாரதி எம்மிடம் பயின்ற பழைய மாணவர். அவருடைய தாயார் ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்திலே கொழுந்து பறிப்பவர். தவணைக் கடனில் வாங்கிய அந்த வேனே அக்குடும்பத்துக்கு நிலமும் புலமும்.

மாலையிற் கொழும்பை விட்டுப் புறப்பட்டபோது குளிரூட்டி நன்கு இயங்கிற்று. அவிசாவளையைத் தாண்டும்வரை முறைப்பாடு எதுவுமில்லை. களனி கங்கையின் ஓரமாகக் கித்துல்கலையை அணுகும்போது காற்றுத் தளரலாயிற்று. விசிறி சுழலும் ஓசை கேட்டது. ஆனால் துவாரத்திலே கையை வைத்தால் காற்றில்லை. வெளியே பெருமழை. சாளரங்களைத் திறக்க வழியில்லை. கினிகத்தேனை ஏற்றத்தில் மூடுபனியும் வந்து சூழ்ந்தது. பதினான்கு பேரின் மூச்சும் நனைந்த உடைகளின் ஈரமும் உள்ளே அடைபட்டிருந்தமையால், முகப்புக் கண்ணாடியின் உட்புறம் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துவிட்டது. சாரதி ஒரு கையாற் சுக்கானைப் பற்றிக்கொண்டு மறு கையால் துணிகொண்டு துடைத்தார். துடைத்த இடம் மறு நிமிஷமே மூடிக்கொண்டது. வளைவொன்றில் எதிரே வந்த லொறியின் வெளிச்சம் அந்த வெண்மையிலே பரவி, வீதி முழுவதையும் மறைத்துவிட்டது. அவர் பிரேக்கை அழுத்தினார். வேன் வீதியோர வாய்க்காலின் விளிம்பிலே நின்றது. வாய்க்காலுக்கு அப்பால் பள்ளம்.

எவருக்கும் தீங்கு நேரவில்லை. சற்றுத் தூரத்திலிருந்த தேநீர்க் கடையொன்றில் இறங்கினோம். அப்போது வேனின் அடியிலிருந்து நீர் தாரையாக ஒழுகுவதைக் கண்டேன். அரைமணி நேரத்தின்பின் யந்திரத்தை இயக்கியதும், ஒன்றுமே நடவாதது போலக் குளிர்ந்த காற்று வீசிற்று.

"இரண்டு மாதமாக இப்படித்தான், சேர். பேய் பிடித்தது போல வருகின்றது, போகின்றது. இரண்டு தடவை காஸ் நிரப்பினேன். இரண்டு கிழமைகூட நிற்கவில்லை. இனிக் கம்பிரசரையே மாற்ற வேண்டுமாம். அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமென்று இருக்கிறேன்" என்றார் அவர்.

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரையில் பொறு தம்பி" என்றேன். அது ஆறுதலுக்காகச் சொன்ன சொல்லன்று. ஒழுகிய அந்த நீர் என் மனத்திலே ஒரு வினாவை எழுப்பியிருந்தது.

குளிரூட்டியும் வளிச்சீராக்கியும்

இந்த யந்திரத்துக்குத் தமிழிலே இரு பெயர்கள் வழங்குகின்றன. பேச்சிலே குளிரூட்டி என்கின்றோம். இலங்கைப் பாடநூல்களும் அரச அறிவித்தல்களும் வளிச்சீராக்கி என்று எழுதுகின்றன. இரண்டாவது பெயரே யந்திரத்தின் இயல்பை உள்ளவாறு உரைப்பது. காற்றைக் குளிர்வித்தல் அதன் தொழில்களுள் ஒன்று மாத்திரமே. காற்றிலுள்ள ஈரத்தை நீக்குதல், தூசியை வடித்தல், காற்றை ஓடச் செய்தல் என வேறு மூன்று தொழில்களும் அதற்குண்டு.

வரலாறும் இதற்குச் சான்று பகரும். வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர் 1902ஆம் ஆண்டிலே முதன்முதலாக இத்தகைய அமைப்பை வகுத்தது, மனிதரின் வியர்வையை ஆற்றுவதற்கன்று. நியூயோர்க் நகரத்து புரூக்ளினிலே ஓர் அச்சகத்தில், ஈரக்காற்றினால் காகிதம் விரிந்தும் சுருங்கியும், வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது விலகின. அந்த ஈரத்தை அடக்குவதற்கே அவர் அழைக்கப்பட்டார். மோட்டார் வண்டிக்குள் இது புகுந்தது பின்னரே. 1939ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் குளிரூட்டி பொருத்திய கார்களை விற்பனைக்கு விட்டது. அக்காரில் யந்திரத்தின் பெரும்பகுதி பின்புறப் பொதிப்பெட்டியை அடைத்துக்கொண்டிருந்தது. குளிர்விக்கும் தொழிலை நிறுத்த வேண்டுமாயின் எஞ்சினை நிறுத்திவிட்டு, இறங்கிச் சென்று பெல்ட்டைக் கழற்ற வேண்டும்!

அது தொழில் செய்யும் விதம் கடினமானதன்று. காய்ச்சல்காரரின் நெற்றியிலே ஓடிக்கொலோன் நனைத்த துணியை இடுகின்றோம். அது ஆவியாகும்போது நெற்றியின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. திரவம் ஆவியாவதற்கு வேண்டிய இந்த வெப்பத்தையே மறைவெப்பம் என்று வகுப்பிலே படிக்கின்றோம். வேனின் குழாய்களுள்ளே ஓடுவதும் அத்தகைய ஒரு திரவமே. அண்மைக் காலம்வரை உலகெங்கும் பெரும்பாலான வாகனங்களில் இடப்பட்டுவந்த ஆர்-134ஏ என்னும் பொருள், சாதாரண வளிமண்டல அமுக்கத்திலே பூச்சியத்துக்குக் கீழ் 26 பாகையிலேயே கொதிப்பது. வேனின் உள்ளேயுள்ள குளிர்ச்சுருளில் அது ஆவியாகி, உட்காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றது. கம்பிரசர் அந்த ஆவியை அமுக்குகின்றது. அமுக்கப்பட்டுச் சூடேறிய ஆவி, றேடியேற்றருக்கு முன்னே நிற்கும் ஒடுக்கியிலே வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகின்றது. பின்னர் ஒரு நுண்ணிய வாயில் வழியே குளிர்ச்சுருளை அடைகின்றது.

கிணற்றிலே நீர் இறைக்கும் வாளியை இதற்கு ஒப்பிடலாம். வெப்பமே நீர், குழாயினுள் ஓடும் பொருளே வாளி, கம்பிரசரே இறைக்கும் கை. இறைக்க இறைக்க வாளி தேய்ந்து குறைவதில்லை. அங்ஙனமே, இந்தக் காஸும் டீசலைப் போலச் செலவழிந்து தீர்வதன்று. அது குறைந்திருக்குமாயின் எங்கோ கசிவு இருக்கின்றது. கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்திலே நீர் வார்ப்பதாகும். கசிவே இல்லாதபோது நிரப்புவதோ, அதனினும் கெடுதி. மிகையான காஸ் அமுக்கத்தை ஏற்றிக் கம்பிரசரை வருத்தும்.

இனி, ஒழுகிய நீரின் கதையைக் கேளுங்கள். 30 பாகையிலுள்ள காற்று, கனமீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 30 கிராம் நீராவியை ஏற்கும். அதே காற்று 10 பாகைக்குக் குளிர்ந்தால் 9 கிராம் அளவையே தாங்கும். எஞ்சியது குளிர்ச்சுருளின் மேல் பனித்துளியாக ஒடுங்கி, ஒரு சிறு குழாய் வழியே வீதியிற் சொட்டும். ஆகவே வண்டியின் அடியிலே தெளிந்த நீர் சிறிது சொட்டுவது நோயன்று; சுகத்தின் அறிகுறி. ஆனால் அன்று நான் கண்டது சொட்டன்று, தாரை. நின்றுவிட்ட யந்திரத்திலிருந்து அவ்வளவு நீர் எங்ஙனம் வரும்? உள்ளே பனிக்கட்டி உறைந்திருந்து, அது உருகினாலன்றி வராது.

லயத்து முற்றத்தில்

ஞாயிற்றுக்கிழமை கல்லூரி ஆய்வுகூடத்து வெப்பமானி ஒன்றை எடுத்துக்கொண்டு அவர்களுடைய லயத்துக்குச் சென்றேன். வேனை முற்றத்திலே நிறுத்தி இயக்கினோம். தொடக்கத்தில் துவாரத்துக் காற்று 8 பாகை காட்டிற்று. இருபது நிமிஷத்தில் காற்று மெலிந்தது. அரைமணியில், வந்த சிறிதளவு காற்றும் 3 பாகைக்கு இறங்கிவிட்டது. கவனியுங்கள்: குளிர் குறையவில்லை, காற்றே குறைந்தது. கம்பிரசர் தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அதனை மாற்றுவதற்குத்தான் சங்கிலி அடகுக்குப் போகவிருந்தது!

யந்திரத்தை நிறுத்திவிட்டு, முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள சிறு பெட்டியைக் கழற்றி, அதன் பின்னாலிருந்த வடிகட்டியை வெளியே எடுத்தோம். அது வடிகட்டியாகத் தோன்றவில்லை. பழைய கம்பளித் துண்டாகவே தோன்றிற்று. வீதித் தூசியும் தலைமயிரும் ஒருபுறமிருக்க, பொன்னிறமான மெல்லிய பஞ்சு அதன்மேல் அடர்ந்து படிந்திருந்தது. தேயிலைத் தொழிற்சாலையிலே பறக்கும் பஞ்சு அது. இரவுதோறும் வேனைத் தொழிற்சாலையின் தூசி வெளியேறும் பக்கத்திலேயே நிறுத்திவந்திருக்கிறார்.

அவருடைய தாயார் வாசலிலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சில காலம் தொழிற்சாலையிலே கொழுந்து வாட்டும் மேல்மாடியில் வேலை செய்தவர் அவர். அந்தப் பஞ்சைக் கண்டதும், "கொழுந்தைத் தடிப்பாப் பரப்புனா காத்து ஏறாதுன்னு இஸ்டோருல சொல்லுவாங்களே, அது மாதிரிதானுங்களா ஐயா?" என்றார்.

அது மாதிரியேதான். அதனினும் தெளிவாக நான் வகுப்பிலே சொன்னதில்லை. பறித்த பச்சைக் கொழுந்தின் எடையிலே முக்காற் பங்கோ அதற்கு மேலோ நீர். அதனைக் கம்பிவலை விரித்த நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறியாற் காற்றைச் செலுத்தி, பல மணிநேரம் வாட்டுகின்றார்கள். உலர்குமிழ், ஈரக்குமிழ் என்னும் இரு வெப்பமானிகளைச் சுவரிலே தொங்கவிட்டு, அவற்றின் வேறுபாட்டைக் கொண்டு காற்றின் ஈரத்தை அளக்கின்றார்கள். மழைநாளில் ஈரம் மிகுந்தால் சூடான காற்றைக் கலக்கின்றார்கள். காற்றைச் சீராக்கும் கலையை மலைநாட்டுத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டு வந்திருக்கின்றனர். கொழுந்து வாடவில்லையென்றால், அவர்கள் முதலில் விசிறியைக் குறை கூறுவதில்லை. பரப்பிய தடிப்பைத்தான் பார்ப்பார்கள்.

வேனிலே நிகழ்ந்தது இதுவே. வடிகட்டி அடைபட்டதனால் குளிர்ச்சுருளுக்குப் போதிய காற்று வரவில்லை. காற்று வராமையால் வெப்பம் வரவில்லை. வெப்பம் வராத சுருள் பூச்சியப் பாகைக்குக் கீழே இறங்க, அதன்மேற் படிந்த ஈரம் பனிக்கட்டியாக உறைந்தது. பனிக்கட்டி தகடுகளின் இடைவெளியை அடைக்க, வந்துகொண்டிருந்த சிறிது காற்றும் தடைபட்டது. மேலும் குளிர், மேலும் பனிக்கட்டி. மலைநாட்டிலே இந்நோய் முற்றுவதற்குக் காரணம், வெளிக்காற்றே குளிர்ந்தும் ஈரமாகவும் இருப்பது. கினிகத்தேனைக்கு அப்பாலுள்ள வட்டவளை இலங்கையிலே மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்றன்றோ!

இவ்வாறு உறையாதபடி காப்பதற்கு, சுருளின் குளிரை அறிந்து கம்பிரசரை இடையிடையே நிறுத்தும் ஒரு சிறிய உணரி உண்டு. ஹட்டனிலே ஒரு சிறு கராஜ் வைத்திருக்கும் முதிய பாஸ் ஒருவரிடம் வண்டியைக் காட்டியபோது, அந்த உணரி தன் இடத்தினின்றும் நழுவித் தொங்குவதைக் கண்டுபிடித்தார். அதனைப் பொருத்தி, சுருளைக் கழுவி, புதிய வடிகட்டி இட்டு, மிகையாக ஏற்றப்பட்டிருந்த காஸைக் கருவியால் மீட்டெடுத்து, எஞ்சின் மூடியின்கீழ் ஒட்டப்பட்டிருந்த தாளிலே குறித்த கிராம் அளவுக்கு நிறுத்து நிரப்பினார். எல்லாவற்றுக்குமான செலவு, முன்னர் ஒரு தடவை காஸ் நிரப்பியதற்குக் கொடுத்ததிலும் குறைவு.

முன்னர் நிரப்பியவர் ஏமாற்றுக்காரர் என்று நான் கூறமாட்டேன். சுருளுக்குக் காற்று வராதபோது, தாழ்ந்த பக்கத்து அமுக்கமானி வழமையிலும் குறைவாகவே காட்டும். காஸ் குறைந்தாலும் அவ்வாறே காட்டும். ஒரே அறிகுறிக்கு இரு காரணங்கள். ஒன்றை மாத்திரம் எண்ணிப் பார்த்தார், மற்றதை எண்ணவில்லை. தலைவலிக்கு மருந்து கொடுக்கும் நாமெல்லாரும் செய்யும் தவறுதான் அது.

ஐந்து வினாக்கள்

ஆகவே, உங்கள் வாகனத்தின் குளிரூட்டி மக்கர் செய்தால், பணப்பையைத் திறப்பதன்முன் ஐந்து வினாக்களை வரிசையாகக் கேளுங்கள்.

முதலாவது: காற்று வருகின்றதா? விசிறியை உச்சத்தில் வைத்தும் காற்று மெல்லியதாயின், வடிகட்டியைப் பாருங்கள். கூரையிலும் குளிர்ச்சுருள் உள்ள வேன்களில் பின்பக்கத்து வலையையும் பாருங்கள். விசிறியே சுழலவில்லையாயின் உருகியைப் பாருங்கள்.

இரண்டாவது: தொடக்கத்திலிருந்தே குளிரில்லையா, அல்லது சிறிது நேரம் குளிர்ந்து பின்னர் காற்று அடங்குகின்றதா? காற்று அடங்கி, நிறுத்தி வைத்தபின் திரும்புமாயின், பனிக்கட்டி உறைகின்றது என்று பெரும்பாலும் துணியலாம். அவ்வேளையில் கம்பிரசரை நிறுத்தி விசிறியை மாத்திரம் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடவிட்டால் உருகிவிடும். அது உடனடிப் பரிகாரம், மருந்தன்று.

மூன்றாவது: பொத்தானை அழுத்தும்போது கம்பிரசர் பற்றிக்கொள்ளும் ‘டக்’ என்ற ஓசை கேட்கின்றதா? பல வண்டிகளிலே இது கேட்கும். கேளாவிடின் உருகி, மின்கம்பி, அல்லது காஸ் மிகவும் குறைந்தமை காரணமாகலாம்.

நான்காவது: சமவெளியிற் குளிர்ந்து, ஏற்றத்திலே வெப்பக்காற்றாக மாறுகின்றதா? அவ்வாறாயின் முன்புறத்து ஒடுக்கியையும் அதன் விசிறியையும் பாருங்கள். ஏற்றத்தில் வண்டி மெதுவாகச் செல்வதால் முன்னிருந்து வீசும் காற்றுக் குறைவு. எஞ்சினின் வேலையோ மிகுதி. நுவரெலியாவின் உயரத்திலே காற்றின் அமுக்கமும் கடற்கரையிலுள்ளதிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் வெப்பமானி ஏறுமாயின், குளிரூட்டியை நிறுத்திவிட்டு ஏறுவதே அறிவுடைமை.

ஐந்தாவது: நீர் எங்கே சொட்டுகின்றது? வெளியே சொட்டினால் நன்று. உள்ளே கால்விரிப்பு நனைந்தால் வடிகுழாய் அடைபட்டிருக்கின்றது.

கடல் கடந்து வாழும் எம்மவருக்கும் இம்முறை பயன்படும். கனடாவிலும் அமெரிக்காவிலும் கட்டில், அடுப்பு, குளியலறை யாவும் அமைந்த வீட்டுவண்டிகளிலே கோடை விடுமுறையைக் கழிப்போர் பலர். அவ்வண்டிகளின் கூரைமேலுள்ள குளிரூட்டி எஞ்சினால் ஓடுவதன்று. தங்குமிடத்து 120 வோல்ற்று மின்சாரத்தால் ஓடுவது. கடும் வெயிலிலே எல்லா வண்டிகளும் ஒருங்கே மின்சாரத்தை இழுக்கும்போது வோல்ற்றளவு தாழ்ந்து, கம்பிரசர் முனகிக்கொண்டு கிளம்பமாட்டாது நிற்கும். யந்திரம் பழுதென்று மயங்குவர். அங்கே முதல் வினா, மின்சாரம் போதிய அளவு வருகின்றதா என்பது. அடுத்தது, மோட்டாரைத் தொடக்கிவிடும் கொள்ளளவி நலமாக இருக்கின்றதா என்பது. அதன்பின் வடிகட்டியும் சுருளும். வண்டி வேறாயினும் விதி ஒன்றே: எளியதை முதலிற் பார், விலையுயர்ந்ததை இறுதியில் ஐயுறு.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, மூடுபனி பற்றியது. குளிர்நாட்டிலே குளிரூட்டி வேண்டாமென்று அதனை அணைத்துவிடுவது பல சாரதிகளின் வழக்கம். கண்ணாடியின் உட்புறம் மங்கினால் அதனை அணைக்கலாகாது, இயக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சுவது அதுவே. காற்றைக் கண்ணாடியை நோக்கித் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, வெப்பமூட்டி இருப்பின் அதனையும் உடன் இயக்கினால், உலர்ந்த இளஞ்சூடான காற்று விரைவிலே கண்ணாடியைத் தெளிவிக்கும். உட்காற்றையே சுழலவிட்டால் மூச்சின் ஈரம் பெருகும். இனி, மங்கல் கண்ணாடியின் வெளிப்புறத்தில் இருந்தாலோ, கண்ணாடி மிகக் குளிர்ந்துவிட்டது என்பது பொருள். அப்போது துடைப்பானை இயக்கிக் குளிரைக் குறைக்க வேண்டும். உட்புறமா வெளிப்புறமா என்பதை விரல் நுனியால் ஒரு தடவை தொட்டு அறியலாம். இறம்பொடை வளைவுகளிலும் நானுஓயா ஏற்றத்திலும் இந்த ஒரு விரல் உயிர் காக்கும்.

இரண்டாவது, காஸ் குழாய்களை நாமே திறக்கலாகாது. பெரும் அமுக்கத்திலிருந்து சீறிவரும் அத்திரவம் கண்ணையும் தோலையும் உறைய வைக்கும். அன்றியும், அதனைக் காற்றிலே விடுவது உலகுக்குத் தீங்கு. பழைய வண்டிகளில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தை அரித்தமையாலேயே 1987இல் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது. இலங்கை 1989இல் அதிற் சேர்ந்துகொண்டது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்யாதது. எனினும் புவியை வெப்பமாக்குவதில், நூறாண்டுக் கணக்கிலே, சம எடையுள்ள காபனீரொட்சைட்டைப் போல ஏறக்குறைய 1,400 மடங்கு வலியது. ஆகவே மீட்டெடுக்கும் கருவியுள்ள கராஜிலேயே அதனைக் கையாளச் செய்யுங்கள்.

மூன்றாவதே மிகவும் கொடியது. மார்கழி தொடக்கம் வைகாசிவரை சிவனொளிபாத மலைக்கு யாத்திரிகர் வருவர். அவர்கள் இரவெல்லாம் மலை ஏறும்போது, நல்லதண்ணியிலும் மஸ்கெலியாவிலும் சாரதிகள் வண்டிக்குள்ளே உறங்குவர். சாளரங்களை அடைத்து, எஞ்சினை ஓடவிட்டு உறங்குதல் மரணத்தோடு விளையாடுவதாகும். புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலே ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாக அது பற்றிக்கொள்ளும். உறங்குபவர் விழிக்கமாட்டார். எஞ்சினை அணைத்து, சாளரத்தைச் சிறிது திறந்து, நல்ல கம்பளியாற் போர்த்துக்கொண்டு உறங்குங்கள். உங்களுக்காகவும் வீட்டிலே ஒருவர் விழித்திருக்கிறார்.

அந்த வேன் இப்போது நலமாக ஓடுகின்றது. தொழிற்சாலையின் மறுபக்கத்திலே நிறுத்தப்படுகின்றது. மாதத்துக்கு ஒருமுறை வடிகட்டி தட்டிச் சுத்தம் செய்யப்படுகின்றது. சங்கிலி அந்தத் தாயாரின் கழுத்திலேயே இருக்கின்றது.

ஆனால் என் மனத்திலே ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கின்றது. மறைவெப்பம், ஈரப்பதன், பனிபடுநிலை என்பவற்றைப் பல்லாண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவருபவன் நான். அன்றிரவு கினிகத்தேனை ஏற்றத்திலே, பனிபடுநிலை என் கண்ணெதிரே கண்ணாடியில் எழுதப்பட்டிருந்தது. நானோ துடைப்பதற்கு என் கைக்குட்டையை எடுத்து நீட்டினேன், வேறொன்றும் தோன்றவில்லை. கண்ணாடியின் பக்கமாக வெளிக்காற்றைத் திருப்பும்படி ஒரு சொல் சொல்லியிருக்கலாம். காற்றுத் தளரத் தொடங்கிய கித்துல்கலையிலேயே கம்பிரசரை நிறுத்தி உறைந்ததை உருகவிட்டிருந்தால், ஏற்றத்தில் அது நமக்குப் பயன்பட்டிருக்கும்.

இத்தவணை தொடங்கியதும், அந்த அத்தியாயத்தை வகுப்பறையில் நடத்தாமல், சாரதியாரை வேனோடு கல்லூரி முற்றத்துக்கு வரவழைத்து நடத்தினேன். மாணவர் துவாரத்திலே வெப்பமானியை வைத்து அளந்தார்கள். சொட்டும் நீரை முகவையிலே பிடித்து அளந்தார்கள். பாடத்தை விளக்கியவர் பெரும்பாலும் சாரதியார்தான். நான் ஓர் ஓரத்திலே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.